ஐந்து மணிக்கே இருட்டும் ஊர்

1. என் முதல் நாவலை முடித்து, சென்னையில் இருக்கும் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.
2. சில வாரங்கள் கழித்து, அங்கிருந்த பதிப்பாசிரியர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.
3. அந்தக் கேள்விக்காக நாவலில் இருட்டும் நேரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். நாவல் நின்றுபோனது.
4. விடுப்பு எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினேன்.
5. ராமநாதபுரம் பக்கத்தில் என் மாமி வீட்டில், மாலை ஐந்து மணிக்கு, யாரும் சொல்லாமலே எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். வீடே சிரித்தது.

நான் போர்ட் பிளேரில் ஒரு மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்காவது ஒரு பகுதிக்கு மின்சாரம் நின்றுபோனால் எங்கள் அறிக்கை இப்படித்தான் தொடங்கும். நடந்ததை முதலில் வரிசையாக எழுத வேண்டும். ஏன் நடந்தது என்பது அப்புறம். இப்போது என்னைக் கதை எழுதுகிறவர், பயணக் கட்டுரை எழுதுகிறவர் என்று சொல்லிக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். எப்படித் தொடங்கியது என்று கேட்கிறார்கள். மேலே இருக்கும் ஐந்து வரிகளைத்தான் சொல்கிறேன். ஏன் என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அத்தா, அதாவது என் அப்பா, ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். இள வயதில் இங்கே வந்து பஜாரில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பிறகு சொந்தமாகக் கடை போட்டார். கயிறு, வாளி, தார்ப்பாய், பூட்டு விற்கும் கடை. நான் வளர்ந்தது போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில், விமானம் இறங்கும்போது அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வீட்டில். மின்னியலில் டிப்ளமோ முடித்ததும் வேலை கிடைத்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, ஊர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரங்களில் நாவல் எழுதினேன். பல வருடங்கள் ஆயின.

நாவல் அத்தாவின் ஊரில் நடந்தது. கடைக்காரர் ஒருவரின் மனைவி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு யாருக்கும் தெரியாமல் படிக்கிறாள். இருட்டியதும் பிள்ளைகளைக் குர்ஆன் ஓதப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். கணவர் கடை அடைத்து வரும் வரை நீளமான, அமைதியான இருட்டு அவளுக்குக் கிடைக்கும். அந்த இருட்டில்தான் கதை முழுவதும் நடக்கும். அதுதான் நாவலின் நல்ல பகுதி என்று எனக்கே தெரியும்.

பதிப்பாசிரியர் வயதில் பெரியவர். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை.

"ஏம்மா, உங்க ஊர்ல ஏன் அஞ்சு மணிக்கே இருட்டுது?"

"எந்த ஊர்ல மேடம்?"

"உன் நாவல்ல. ராமநாதபுரத்துல அஞ்சு மணிக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்கும். நீ அஞ்சு மணிக்கு லைட்டப் போடுற. அஞ்சரைக்கு நாய் ஊளையிடுது. அந்தப் பொம்பளை நடுச்சாமம் மாதிரி கதவச் சாத்துறா. நான் முதல்ல இது ஏதோ மாய யதார்த்தம்னு நெனச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டிசம்பர் மாதம். மணி ஐந்தேகால். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்தத் தீவுகள் நாட்டின் கிழக்கோரத்தில் கிடக்கின்றன. கடிகாரம் மட்டும் மெயின்லேண்டுடையது; நாட்டின் பெருநிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதனால் சூரியன் எங்களுக்கு அங்கே வருவதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி வந்து, முந்தியே போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஒவ்வொரு நோன்பு மாதமும் எங்கள் வீட்டில் இதை வைத்துத்தான் கேலி நடக்கும். நாங்கள் நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு, அத்தா ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போடுவார். அவர் என் மாமி.

"ஒங்களுக்கென்ன அண்ணே, கஞ்சியக் குடிச்சு ஏப்பமும் விட்டாச்சு. நாங்க இன்னும் சட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"விடியுமுன்ன சஹர் சாப்பிட நாங்க எந்திரிச்சப்ப நீ கொறட்ட விட்டுக்கிட்டிருந்தியே, அதையும் சொல்லு."

வருடா வருடம் இதே பேச்சுதான். அதைக் கேட்டு வளர்ந்த நான், நாவல் எழுதும்போது அத்தாவின் ஊர் மேல் எங்கள் வானத்தைக் கவிழ்த்திருக்கிறேன். அந்த ஊரின் தெருவும், மனிதர்களும், சண்டைகளும் அத்தாவின் பேச்சிலிருந்து வந்தவை. அவர் எந்தக் கதையிலும் மணி சொன்னதில்லை. மணியை நான் போட்டேன். அதுவும் சும்மா போடவில்லை. ஊர் எப்போது விளக்குப் போடும் என்று எனக்குத்தான் தெரியுமே. தினமும் அந்த நேரத்தில் திரையில் மின்சாரக் கோடு ஏறுவதைப் பார்க்கிறவள் ஆயிற்றே. அந்த நம்பிக்கையில் எழுதினேன்.

மேடம் சொன்னார்: "சின்ன விஷயம்தான். ஆனா நேரம் தப்பாயிருந்தா வாசகர் மத்ததையும் நம்ப மாட்டார். அடுத்த பருவத்துல வர்ற புத்தகங்கள்ல உனக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன். பொங்கல் கழிச்சு முடிவு பண்ணணும். அதுக்குள்ள சரிபண்ணிக் குடு."

என்னிடம் இருந்தது அந்த ஒரு நாவல்தான். அது போனால் இன்னொன்று எழுத மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. எழுதாமல் இருக்க எல்லா வசதியும் இருந்தது.

படித்த படிப்புக்கு ஏற்றபடி முதலில் இயந்திரம் போலச் செய்தேன். நாவலில் இருட்டுக்கு மணி போட்ட இடமெல்லாம் தேடி எடுத்து, ஐந்தை ஆறாக்கினேன், ஆறை ஏழாக்கினேன். பிள்ளைகள் ஓதி முடிக்கும் நேரமும் கடை அடைக்கும் நேரமும் பழையபடியே நின்றன. பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெண் கதவைச் சாத்தி, புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பிள்ளைகள் பள்ளிவாசலிலிருந்து திரும்பிவிட்டார்கள். உலை வைக்க நேரமாகிவிட்டது. அவளுக்கு மூன்று அத்தியாயங்களில் அரைப் பாடம்கூட முடியவில்லை. கணவரின் கடையை ஒரு மணி நேரம் தாமதமாக அடைக்க வைத்தேன். அவரது கடைசி பஸ் போய்விட்டது. பஸ்ஸைத் தள்ளினேன். ஒரு சுவிட்சைத் தொட்டால் வரிசையாக எல்லாம் விழுமே, அப்படி விழுந்தது.

நேரில் போய் அந்த ஊரின் மாலையைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நான் அங்கே போயிருந்தது சிறு பிள்ளையில் ஒரே ஒரு முறை.

"சூரியனப் பாக்கவா மெயின்லேண்டு போற? ஏன், இங்க கெடைக்கலையா?" என்றார் அத்தா. பிறகு, "போறதுதான் போற, மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல போ. ஒன் கதையில ரயிலே வரல. ஊருன்னா ரயிலு வேணும்" என்றார்.

என் ஷிஃப்டை எடுத்துக்கொண்டவர் உடன் வேலை செய்யும் வங்காளக்காரர். "ஜாவோ தீதி," என்றார், போய் வா அக்கா என்று. "லேகின் கிதாப் மே மேரா நாம் டால்னா." புத்தகத்தில் அவர் பெயரைப் போட வேண்டுமாம். நாவலின் நன்றிப் பக்கத்தில் போட்டுவிட்டேன். இங்கே யார் பெயரையும் போடவில்லை என்பதால் மறுபடி கோபித்துக்கொள்வார்.

கப்பலில் பங்க் கிளாஸ். அடுக்குப் படுக்கைகள், டீசல் வாசம், யாரோ கொண்டுவந்த கருவாட்டு மூட்டை. எனக்குக் கீழ்ப் படுக்கையில், எங்கள் தீவின் பெரார்கஞ்சில் வயல் வைத்திருக்கும் ஓர் அக்கா. திருச்சியில் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். தமிழும் இந்தியும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சு. "மத்லப், அதாவது, பையன் சாப்பிடுறானா இல்லையான்னு போன்ல தெரியாது. நேர்ல பாத்தா கன்னம் சொல்லிடும்" என்றார்.

இரண்டாம் நாள் மாலை இருவரும் மேல்தளத்தில் நின்றிருந்தோம். சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபு தொழுகைக்காகச் சிலர் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞர் மொபைலைப் பார்த்து, "பாய், மஃரிபு ஆயிருச்சு, ஆப்புல காட்டுது" என்றார்.

பெரியவர் ஒருவர் கடலைக் காட்டினார். சூரியன் தண்ணீருக்கு மேலே இரண்டு கை உயரத்தில் நின்றது.

"அங்க என்ன காட்டுது, பாரு."

"நெட்வொர்க் இல்ல பாய். இது இன்னும் போர்ட் பிளேர்லயே இருக்கு."

"அப்ப அதுக்குத் தொழுற வக்து ஆச்சு. நமக்கு ஆகல. உக்காரு."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்கா என் காதில், "பேச்சாரா, பாவம், அந்த மொபைல் கப்பல்லயே ஏறல போலிருக்கு" என்றார். நான் சிரித்தேன். பிறகு அந்த மொபைலும் என் நாவலும் ஒரே நிலைமையில் இருப்பது உறைத்தது. எல்லோரும் சேர்ந்து சூரியனுக்காகக் காத்திருந்தோம். அது அவசரமே படவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அந்நேரம் சோற்றுக்கு அரிசி களைந்திருப்பேன்.

சென்னையில் இறங்கி போன் உயிர்பெற்றதும், மேடத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். கப்பல், கருவாடு, அக்கா, மொபைல். நாவலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் கப்பலைப் பற்றி நீளமாக எழுதினேன். பிறகு அத்தா சொன்னபடி ரயில்.

மாமி வீடு தெருவோடு ஒட்டியது. போன அன்று மதியம் பிரியாணி, தூக்கம். எழுந்து கூடத்தில் உட்கார்ந்து மாமியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து. என் கை எழுந்து சுவிட்சைப் போட்டது. அதோடு நிற்காமல் ஜன்னலையும் சாத்தினேன்.

"ஏன்டி மருமவளே, பட்டப்பகல்ல லைட்டப் போட்டு ஜன்னலச் சாத்துற? ஏதும் குண்டு போடப் போறாங்களா?"

மாமா பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தாமல், "கரண்டு ஆபீசுல வேலை பாக்குற புள்ள. வியாபாரம் நடக்கணும்ல" என்றார்.

ஜன்னலைத் திறந்தேன். வெளியே வெள்ளை வெயில். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியது. அப்போதுதான் தெரு நிரம்பியது. பூக்காரர் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் மருதாணி அரைக்க அம்மி கேட்டு வந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்க எதுவுமில்லாமலே வந்தார். பாங்கு சொன்னதும் கலைந்தார்கள். தொழுது முடித்ததும் மறுபடி வந்தார்கள். இருட்டியபின் கூட்டம் இன்னும் கூடியது. நான் யார், எந்தக் கப்பலில் வந்தேன், தீவில் அரிசி என்ன விலை என்று கேட்டார்கள். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்தக் கூடத்தில் நான் தனியாக இருக்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகு மாமியிடம் நாவலின் கதையைச் சொன்னேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இருட்டுனதும் கதவச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சு படிக்கிறாளா? எங்க தெருவுலயா?"

"ஆமா மாமி."

"அவ புஸ்தகத்தத் தொறக்குறதுக்குள்ள நாலு பேரு வந்து எந்தப் பக்கம்னு கேப்பாளுக. கதவச் சாத்துனா அஞ்சாவதா ஒருத்தி வந்து, ஒடம்பு சரியில்லையான்னு கேப்பா. சாயங்காலம் சாத்துன வீடு எங்க இருக்கு? இங்க இல்லடி. நீ வேற ஏதோ ஊரச் சொல்ற."

மாமி இதைக் கேலியாகத்தான் சொன்னார். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன்.

ஐந்து மணிக்குச் சாத்தும் வீடுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். லம்பா லைனில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்ததில் வங்காளம், அதற்கடுத்ததில் மலையாளம். பகலெல்லாம் எல்லோரும் இந்தியில் பேசிக்கொள்வோம். இருட்டியதும் மழைச்சாரலுக்குக் கதவைச் சாத்தி, ஒவ்வொரு வீடும் தன் தன் மொழிக்குள் போய்விடும். அப்படி ஒரு வீட்டில்தான் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் பத்தாம் வகுப்புப் படிக்க முடியும். நான் எழுதிய நேரம் சரியாகவே இருந்தது. ஊர்தான் தப்பு.

மேடத்துக்குப் போன் செய்தேன். மாமி சொன்னதை அப்படியே சொல்லி, "நாவலைத் தீவுக்குக் கொண்டுபோகணும் மேடம். மணியைத் திரும்ப அஞ்சாக்கணும்" என்றேன்.

மேடம் கேட்டார்: "முதல்லயே ஏம்மா அங்க வைக்கல?"

"தமிழ் நாவல்னா தமிழ்நாட்டுல நடக்கணும்னு நெனச்சேன்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"சரி. ஊர் மாத்துறது மணி மாத்துற மாதிரி இல்ல. அவ பேச்சு மாறும், பக்கத்து வீடு மாறும். பொங்கலுக்குள்ள முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். கப்பலில் அந்தப் பெரியவர் 'நமக்கு ஆகல. உக்காரு' என்றது நினைவுக்கு வந்தது. "முடியாது மேடம்" என்றேன்.

"அப்ப இந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுக்கணும். அடுத்த வருஷம் எழுதி முடிச்சா அனுப்பு, அப்பப் பாக்கலாம். இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அப்புறம், நீ அனுப்புன கப்பல் கடுதாசி. அத என் நண்பர் நடத்துற பத்திரிகைக்குக் குடுக்கலாமா? மொபைல் ஏறாத கப்பல்னு ஒரு இடம் வருதே, சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, இடம் போய்விட்டது என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. மாமி என் முகத்தைப் பார்த்தார். ஒரு தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தார். மறுநாள் மாலை, அண்ணன் மகளுக்குத் தலைவலி என்று வாசலிலேயே சொல்லி, வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அந்தத் தெருவில் சாயங்காலம் கதவு சாத்திய ஒரே வீடு அன்று அதுதான். அதற்குள் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தை லம்பா லைனில் தொடங்கினேன். ஐந்து பெண்கள் அல்ல, ஆறு பேர் வந்து உடம்புக்கு என்னவென்று கேட்டுவிட்டுப் போனதாக மாமி பிறகு சொன்னார்.

கப்பல் கட்டுரை வெளிவந்தது. பத்திரிகைக்காரர் இன்னொன்று கேட்டார். அதனால் நாவலாசிரியர் ஆவதற்கு முன்பே பயணக் கட்டுரையாளர் ஆகிவிட்டேன். எங்கள் பக்கத்துத் தீவான பாராடாங்கில் வண்டிகளைத் தோணியில் ஏற்றக் காத்திருக்கும் வரிசையைப் பற்றி எழுதினேன். அங்கே விற்கும் அவித்த முட்டையைப் பற்றித்தான் அதில் பாதிக் கட்டுரை. பிறகு மெயின்லேண்டு ஊர்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதல் மாலை எங்கும் சுற்றுவதில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். விளக்கு எப்போது போடுகிறார்கள், அப்போது தெருவில் யார் நிற்கிறார்கள், எந்தக் கதவைச் சாத்துகிறார்கள். மாமி வீட்டில் கற்றதற்கு மேல் என்னிடம் வேறு முறை கிடையாது.

நாவலில் அந்தப் பெண்ணுக்கு இப்போது பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்கார அக்கா இருக்கிறார். கணக்குப் பாடம் மட்டும் இந்தியில் சொல்லிக்கொடுக்கிறார். பழைய நாவலில் அவர் இல்லை. ஊரை மாற்றியதும் அவர் தானாக வந்து கதவைத் தட்டினார். அவர் இல்லாமல் அந்தப் பெண் கணக்கில் தேறியிருக்க மாட்டாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசைப்படுத்தினால், தப்பை ஒரு கேள்வியாகக் கேட்ட மேடம் முதலில் வருவார். பிடிக்கவில்லை என்று இரண்டு வரியில் அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். போனை எடுத்துப் பேசினார். இடத்தை எனக்காகப் பொய்யாகப் பிடித்து வைக்காததற்கும் சேர்த்து நன்றி. அடுத்து மாமி. தன் தெருவை என் கதைக்கு வளைத்துக் கொடுக்காததற்கு.

இன்றைய நிலைமை இது. மறு வருடம் நாவலை முடித்து அனுப்பினேன், மேடம் ஏற்றுக்கொண்டார், புத்தகம் வந்துவிட்டது. இரண்டாவது நாவல் பாதியில் இருக்கிறது. பத்திரிகைக்கு மாதம் ஒரு பயணக் கட்டுரை போகிறது. மின் நிலைய வேலையை விடவில்லை. மாமி புத்தகத்தைப் படித்துவிட்டு, சாயங்காலம் கதவைச் சாத்துகிறவர்கள் வீட்டுக்கு இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அத்தாவும் படித்தார். ரயில் எங்கே என்று கேட்டார்.